வட ஆற்காடு எங்கே போனது? டர்பன் கப்பல் பட்டியலும் ஒரு நோட்புக் அப்டேட்டும்

ஒரே நோட்புக் (கட்டளைகளைச் செல் செல்லாக எழுதி ஓட்டும் கோப்பு), பழைய கப்பல் பட்டியலைத் தட்டச்சு செய்த ஒரே தரவுக் கோப்பு. பழைய லேப்டாப்பில் கடைசி செல் வரை ஓடி வரைபடத்தையும் போட்டுக் காட்டியது. புதிய லேப்டாப்பில் பாதி வழியில் நின்றுவிட்டது. பழையதில் இருந்தது அட்டவணைகளைக் கையாளும் பைத்தான் நிரல் தொகுப்பான பாண்டாஸ் 1.5, நோட்புக்கைத் திறந்து ஓட்டும் ஜூபிட்டர் நோட்புக் 6. புதியதில் பாண்டாஸ் 2 வரிசை, நோட்புக் 7. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில் வார இறுதிகளில் கூடி வேலை செய்கிற சின்னத் தன்னார்வலர் குழுவில் நடந்தது இது. நின்ற லேப்டாப்பைத்தான் எல்லோரும் சந்தேகப்பட்டோம். உண்மையில் தப்பு செய்துகொண்டிருந்தது ஓடிய லேப்டாப்.

பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றி ஆராய்கிறவர்கள் மொரிஷியஸ், பிஜி, மலேசியா என்று பல இடங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே சிக்கல் வரும் என்பதால் நடந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

தரவு

சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று 342 பேரோடு டர்பனுக்கு வந்து சேர்ந்தது. பத்து நாள் கழித்து கல்கத்தாவிலிருந்து பெல்வெடேர் வந்தது. 1866-க்கும் 1874-க்கும் இடையே கப்பல் வரவு நின்றிருந்தது. அந்த இடைவெளியைக் கழித்துவிட்டுப் பார்த்தால், 1911 வரை 152,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக டர்பன் இருந்த அன்றைய பிரிட்டிஷ் காலனியான நேட்டால் கரையில் இறங்கினார்கள். பெரும்பாலோர் சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் தரப்பட்டது. எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உடலில் உள்ள அடையாளம் என்று கப்பல் பட்டியலில் ஒரு ஆளுக்கு ஒரு வரி.

அந்த ஒரு வரிதான் இங்கே பல குடும்பங்களுக்குத் தமிழ்நாட்டோடு மிஞ்சியிருக்கிற ஒரே எழுத்துத் தொடர்பு. கவுண்டர் இங்கே கோவெண்டர் ஆகிவிட்டார், முதலியார் மூட்லி ஆகிவிட்டார். நான்கைந்து தலைமுறை கழித்து மொழி போய்விட்ட வீடுகளிலும் காவடி எடுப்பது நிற்கவில்லை. ‘எங்க ஊர் எது’ என்ற கேள்வியும் நிற்கவில்லை. சிலர் அந்த ஊருக்கு ஒரு முறை போய்வர வேண்டும் என்று கேட்கிறார்கள். சிலர் இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓசிஐ அட்டைக்காகக் கேட்கிறார்கள். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுதுலி ஆவண மையத்துக்குப் போய்த் தேடுகிறவர்கள் உண்டு. அங்கே போக முடியாதவர்கள் எங்களைப் போன்ற குழுக்களிடம் வருவார்கள்.

எங்கள் கோப்பு பதிவேட்டின் படப்பிரதிகளைப் பார்த்துத் தன்னார்வலர்கள் எக்செல்லில் தட்டச்சு செய்தது. முழுப் பட்டியல் இல்லை, எங்களிடம் கேட்டு வந்த குடும்பங்களை ஒட்டிய சில கப்பல்கள் மட்டும். பல கைகள், பல கணினிகள். பிரச்சினையின் வேர் அங்கேதான் இருந்தது.

தேதி என்ற நெடுவரிசை

புதிய லேப்டாப் குழுவின் இளைய உறுப்பினருடையது. “அண்ணா, என் மெஷின்ல தேதி செல் எர்ரர் அடிக்குது. உங்களுதுல ஓடுதே?” என்றார். பிழைச்செய்தி தெளிவாகவே இருந்தது. 23 என்று தொடங்கும் ஒரு தேதியைக் காட்டி, மாதம்-நாள்-ஆண்டு என்ற வடிவத்துக்கு இது பொருந்தவில்லை என்று சொன்னது. பொருந்தாதுதான், 23-ஆம் மாதம் ஏது?

நாங்கள் எழுதியிருந்தது நாள்-மாதம்-ஆண்டு. அதை மாதம்-நாள் என்று எடுத்துக்கொள்ளச் சொல்லி யாரும் கட்டளையிடவில்லை. பாண்டாஸின் தேதி மாற்றும் கட்டளையான டு-டேட்டைம், வடிவம் எதுவும் சொல்லாவிட்டால் அமெரிக்க முறையில் மாதத்தை முன்னால் வைத்துத்தான் படிக்கும். பழைய பதிப்பிலும் அப்படித்தான். வித்தியாசம் எங்கே என்றால், பழைய பதிப்பு ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக ஊகித்தது. 08/02/1863 என்று கண்டால் ஆகஸ்ட் 2 என்று படிக்கும். அடுத்த வரியில் 23/02/1863 என்று கண்டால், 23 மாதமாக இருக்க முடியாது என்பதால் சத்தமில்லாமல் திருப்பிப் போட்டு பிப்ரவரி 23 என்று படிக்கும். ஒரே நெடுவரிசையில் இரண்டு வழக்கம். இளஞ்சிவப்புப் பெட்டியில் ஒரு எச்சரிக்கை வரும், ஆனால் வேலை நிற்காது. வரைபடம் வந்துவிட்டால் எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்?

2023 ஏப்ரலில் வெளிவந்த பாண்டாஸ் 2.0 இதை மாற்றியது. முதல் மதிப்பைப் பார்த்து ஒரு வடிவத்தை ஊகிக்கும். பிறகு எல்லா வரிகளுக்கும் அதே வடிவம்தான். பொருந்தாத ஒன்று வந்தால் நின்றுவிடும். வெளியீட்டுக் குறிப்பில் ஒரு சின்னப் பத்தியாக வந்த மாற்றம் இது. எங்களுக்கு அந்த அப்டேட்டிலேயே மிகப் பெரிய விஷயம் இதுதான்.

பழைய முறையில் எவ்வளவு தேதிகள் கெட்டிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு மாதத்திலும் 1 முதல் 12 வரையான நாட்கள் தடுமாறும். அதில் நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருக்கும் ஒரு நாள் தப்பிக்கும். மிச்சம் மாதத்துக்கு 11, ஆண்டுக்கு 132. அதாவது 365 நாளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். கப்பல் பட்டியலில் இது இன்னும் மோசம், ஏனென்றால் ஒரே நாளில் ஒரு கப்பல் ஆட்கள் மொத்தமாக இறங்குகிறார்கள். ஒரு தேதி திரும்பினால் அந்தக் கப்பலில் வந்த நூற்றுக்கணக்கானவர்களும் சேர்ந்து வேறு மாதத்துக்குப் போய்விடுவார்கள். எந்த மாதங்களில் கப்பல்கள் அதிகம் வந்தன என்று நாங்கள் போட்டு வைத்திருந்த வரைபடம் பருவ வேறுபாடே இல்லாமல் தட்டையாக இருந்ததற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது.

இதை முதலில் கவனித்திருக்க வேண்டிய ஒரு தடயம் எங்கள் கையிலேயே இருந்தது. ஒரு அம்மா, வீட்டில் பத்திரமாக வைத்திருந்த தன் கொள்ளுத்தாத்தாவின் பழைய தாளைக் கொண்டுவந்திருந்தார். மடிப்பில் கிழிந்து, செல்லோ டேப் ஒட்டி, அந்த டேப்பும் பழுத்துப் போயிருந்தது. காலனி எண் பளிச்சென்று தெரிந்தது. வந்த மாதம் பிப்ரவரி என்று அதில் இருந்தது. எங்கள் அட்டவணையில் ஆகஸ்ட். எண் சரி, கப்பல் சரி, ஊர் சரி, மாதம் மட்டும் வேறு. “ஊர் பேரு கிடைக்கலைன்னா பரவால்ல தம்பி, தப்பா எதையும் எழுதிக் கொடுத்துடாதீங்க. எங்க பிள்ளைங்க அதைத்தான் நம்பப் போகுது” என்றார் அந்த அம்மா. புதிய லேப்டாப் நின்றதற்கும் அவர் சொன்னதற்கும் உள்ள தொடர்பை நான் இன்றைக்கும் யாரிடம் பேசினாலும் சொல்கிறேன்.

வரிசை மாறினால் விடை மாறும்

இளையவர் ஒரு சோதனை செய்தார். கோப்பில் வரிகள் ஆட்களின் பெயர் வரிசையில் இருந்தன. அதைக் காலனி எண் வரிசைக்கு மாற்றி மறுபடி ஓட்டினார். இந்த முறை முதல் வரி ட்ரூரோ, 16/11/1860. 16 மாதமாக இருக்க முடியாது, ஆகவே நாள்தான் முன்னால் என்று பாண்டாஸ் சரியாக ஊகித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் தடங்கலின்றி ஓடியது. முதல் கப்பல் மாதத்தின் பிற்பாதியில் வந்ததால் எல்லாத் தேதியும் சரியாகிறது என்றால், அது முறையே இல்லை. ஊகத்துக்கு இடமே வைக்கக் கூடாது, வடிவத்தை நாமே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தோம்.

ஆனால் 1900-ஐத் தாண்டியதும் மறுபடி நின்றது. 1902/08/02 என்று ஆண்டு முன்னால் வந்த ஒரு வரி. இதை யாரும் இப்படித் தட்டச்சு செய்யவில்லை.

காரணம் எக்செல். எக்செல்லின் நாள்கணக்கு 1900 ஜனவரி 1-இல் தொடங்குகிறது. அதற்கு முந்தைய தேதி எதுவும் அதற்குத் தேதியே இல்லை, வெறும் எழுத்து. ஆகவே 1863 என்று அடித்தவை அடித்தபடியே இருந்தன. 1902 என்று அடித்தவற்றை எக்செல் உண்மையான தேதியாக மாற்றிக்கொண்டு, சிஎஸ்வி என்ற வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமிக்கும்போது அந்தந்தக் கணினியின் வழக்கப்படி எழுதியது. தென்னாப்பிரிக்க அமைப்பில் ஆண்டு முன்னால் வரும். சில கணினிகளில் வாங்கிய நாளிலிருந்து அமெரிக்க அமைப்பே மாற்றப்படாமல் இருந்தது. அங்கே 08/02/1902 என்று அடித்தால் உள்ளே போகும்போதே ஆகஸ்ட் 2 ஆகிவிடும். பதிவேட்டில் இருந்தது பிப்ரவரி 8. இந்தச் சேதம் எக்செல்லிலேயே நடந்துவிட்டது, எந்த நோட்புக்காலும் அதைச் சரிசெய்ய முடியாது.

இந்த இடத்தில் இரண்டு குறுக்குவழிகள் உண்டு, இரண்டையும் தேடினால் உடனே கிடைக்கும். ஒன்று, பொருந்தாதவற்றை வெற்றிடமாக மாற்றிவிட்டு மேலே போ என்று சொல்லும் கோயர்ஸ் என்ற அமைப்பு. இன்னொன்று, வடிவம் கலவை என்று சொல்லும் மிக்ஸ்டு. மிக்ஸ்டு போட்டால் பிழைச்செய்தி மறைந்துவிடும், ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக ஊகிக்கும் பழைய பழக்கம் திரும்பிவிடும். கோயர்ஸ் போட்டால் ஆட்களே வரைபடத்திலிருந்து மறைவார்கள். கடை விற்பனைக் கணக்கில் இதை யாராவது செய்தால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். மூதாதையர் பதிவில் செய்யக் கூடாது.

நாங்கள் செய்தது இது. எல்லா நெடுவரிசைகளையும் முதலில் எழுத்தாகவே படித்தோம். தட்டச்சு செய்த தேதியைத் தொடாமல் அப்படியே வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு புதிய நெடுவரிசையில் வடிவத்தை வெளிப்படையாகச் சொல்லி மாற்றினோம். அப்புறம் காலனி எண்ணை வைத்துச் சோதித்தோம். எண்கள் வந்து இறங்கிய வரிசையில் தரப்பட்டவை. ஆகவே எண் ஏற ஏற, தேதி பின்னோக்கிப் போகக் கூடாது. போனால் அங்கே ஏதோ திரும்பியிருக்கிறது. கப்பல் பெயரை மட்டும் நம்ப முடியாது, ஏனென்றால் உம்லாசி, உம்சின்டோ போன்ற கப்பல்கள் பல முறை வந்து போனவை. எண் தொடர்ச்சியையும் சேர்த்துப் பார்த்தால்தான் எந்தப் பயணம் என்று தெரியும். இந்தச் சோதனையில் சிக்கிய வரிகளை மட்டும் படப்பிரதியோடு ஒப்பிட்டோம். இரண்டு மூன்று வரியில் எழுதக்கூடிய இந்தச் சோதனை எந்தப் புதிய வசதியையும்விட எங்களுக்கு உதவியது. இதைச் செய்ய வேண்டும் என்ற எண்ணத்தைக் கொடுத்தது அந்தப் பிழைச்செய்திதான், அதையும் சொல்லியாக வேண்டும்.

‘இல்லை’ என்றால் என்ன

தேதி ஒருவாறு தீர்ந்த பிறகு, இரண்டு லேப்டாப்பின் எண்ணிக்கைகளையும் அக்கம்பக்கம் வைத்து ஒப்பிட்டோம். உடல் அடையாளம் என்ற நெடுவரிசையில் பொருந்தவில்லை. ‘இடது முழங்காலில் தழும்பு’, ‘நெற்றியில் மச்சம்’ என்று எழுதப்படும் இடம் அது. அடையாளம் எதுவும் இல்லாதவர்களுக்குத் தன்னார்வலர்கள் ஆங்கிலத்தில் ‘நன்’ (None) என்று தட்டச்சு செய்திருந்தார்கள். பழைய லேப்டாப்பில் அவர்கள் தனி எண்ணிக்கையாக வந்தார்கள். புதியதில் அந்த வகையே இல்லை, எல்லோரும் ‘தகவல் இல்லை’ கூட்டத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

சிஎஸ்வி கோப்பைப் படிக்கும்போது எந்தெந்தச் சொற்களை வெற்றிடமாகக் கொள்வது என்று பாண்டாஸ் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 2.0-இல் அந்தப் பட்டியலில் இந்தச் சொல்லையும் சேர்த்தார்கள். நிரல் எழுதுகிறவர்களுக்கு அது வெற்றிடத்தின் பெயர்தான், சேர்த்ததில் நியாயம் உண்டு. பதிவேட்டில் அதன் பொருள் வேறு. ஒரு குமாஸ்தா ஒருவரை நிற்கவைத்துப் பார்த்துவிட்டு, உடம்பில் தழும்பு இல்லை என்று எழுதுகிறார். இன்னொரு இடத்தில் எதுவுமே எழுதாமல் விட்டுவிடுகிறார், அல்லது தாள் கிழிந்திருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. ஒரே பெயரில் பலர் வந்திருக்கும் பட்டியலில் இன்னார்தான் என்று உறுதிசெய்ய அந்தத் தழும்பு கடைசிச் சான்றாக இருப்பதுண்டு. தழும்பு இல்லை என்பதும் அதே அளவுக்குச் சான்று.

சரி, அந்த வெற்றிடப் பட்டியலில் வேறு என்னென்ன இருக்கிறது என்று பார்க்கப் போனோம். அங்கேதான் பெரிய அதிர்ச்சி. ஆங்கில எழுத்துகள் என், ஏ சேர்ந்த சுருக்கம் அதில் பல வருடமாக இருக்கிறது. இதற்கும் அப்டேட்டுக்கும் சம்பந்தமில்லை. எங்கள் தன்னார்வலர்கள் மாவட்டப் பெயர்களைச் சுருக்கி அடித்திருந்தார்கள். தென் ஆற்காட்டுக்கு எஸ்ஏ. வட ஆற்காட்டுக்கு என்ஏ.

தென் ஆற்காடு பத்திரமாக இருந்தது. வட ஆற்காட்டுக்காரர்களில் சுருக்கமாக அடிக்கப்பட்ட அத்தனை பேரும் ஊரற்றவர்கள் ஆகியிருந்தார்கள். முழுப் பெயராக அடித்த ஒரு சிலர் மட்டும் தப்பியிருந்ததால், வட ஆற்காடு வரைபடத்தில் ஒரு குட்டிக் கோடாகத் தெரிந்தது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 1911 வரை சித்தூரும் வேலூரும் ஒரே வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தவை. இங்கே உள்ள தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் பலவற்றின் பூர்வீகம் அந்த மண். அந்த மாவட்டத்தையே வெற்றிடம் விழுங்கியிருந்தது. பழைய லேப்டாப், புதிய லேப்டாப் இரண்டிலும் இதே கதைதான். அப்டேட் வந்து ஒரு எண்ணிக்கை மாறியிராவிட்டால் அந்தப் பட்டியலைத் திறந்தே பார்த்திருக்க மாட்டோம்.

தீர்வு சிறியது. இயல்பான வெற்றிடப் பட்டியலைப் பயன்படுத்தாதே, உண்மையிலேயே காலியாக இருக்கும் கட்டத்தை மட்டும் வெற்றிடமாகக் கொள் என்று படிக்கும் கட்டளையில் சொன்னால் போதும். கீப்-டீஃபால்ட்-என்ஏ என்ற அமைப்பை அணைத்துவிட்டு, வெற்று எழுத்தை மட்டும் தனியாகக் குறிப்பிட வேண்டும். பழைய ஆவணங்களோடு வேலை செய்கிற யாரும் இந்த அமைப்பை முதல் செல்லிலேயே போட்டுவிடுங்கள்.

நோட்புக் 7

2023 ஜூலையில் வந்த நோட்புக் 7, ஜூபிட்டர்லேப் 4-இன் அடித்தளத்தில் எழுதப்பட்டது. முகம் பழையதைப் போலத்தான் இருக்கும், உள்ளே முழுக்க வேறு. பொருளடக்கப் பட்டை கூடவே வருகிறது. நிரல் தெரியாத உறுப்பினர்கள் தலைப்பைத் தட்டித் தங்களுக்கு வேண்டிய கப்பலுக்குப் போய்விட முடிவதால், இது எங்கள் குழுவில் அதிகம் பயன்பட்டது. கைபேசியில் திறந்தால் திரைக்கு ஏற்றபடி சுருங்கிக்கொள்கிறது. ஒரு அக்கா படப்பிரதியை மேசையில் விரித்துவைத்து, கைபேசியில் அட்டவணையைப் பார்த்துச் சரிபார்க்கிறார். செல்லுக்குள் நின்று மாறிகளைப் பார்க்க உதவும் டீபகர், இருண்ட நிறத் திரை எல்லாம் உண்டு.

கூடுதல் வசதிக்காகச் சேர்த்துக்கொள்ளும் பழைய நீட்சிகள் ஓடாது. நாங்கள் நம்பியிருந்த தலைப்பு மடக்கும் நீட்சி போய்விட்டது. நல்லவேளையாக அந்த வசதி இப்போது உள்ளேயே இருக்கிறது. பழைய நீட்சி இல்லாமல் முடியவே முடியாது என்பவர்கள் என்பிகிளாசிக் என்ற பொதியைப் பக்கத்திலேயே வைத்து ஓட்டலாம்.

ஒரே நோட்புக்கைப் பலர் ஒரே நேரத்தில் திருத்தும் வசதிக்குத் தனிப் பொதி நிறுவ வேண்டும். முயன்று பார்த்துவிட்டு விட்டுவிட்டோம். எழுத்து அழகாகச் சேர்கிறது, ஆனால் பின்னால் கட்டளைகளை ஓட்டி மாறிகளை நினைவில் வைத்திருக்கும் கர்னல் ஒன்றுதான். ஒருவர் ஒரு மாறியை மாற்றினால் மற்றவருக்கும் மாறிவிடுகிறது. செல்களை முன்பின்னாக ஓட்டினால் விடை மாறும் பழைய நோயும் அப்படியே இருக்கிறது. எந்தப் பதிப்பாக இருந்தாலும், ஒரு குடும்பத்துக்குத் தாள் அச்சிட்டுக் கொடுப்பதற்கு முன் கர்னலை மறுபடி தொடங்கி எல்லாவற்றையும் மேலிருந்து ஓட்டுவது எங்கள் விதி. லோட் ஷெடிங் என்ற சுழற்சி மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023-இல் மின்சாரம் போய்ப் போய் இதைத் தானாகவே செய்யவைத்தது.

இன்னொரு எச்சரிக்கை. நோட்புக் கோப்பு தன் விடைகளையும் சேர்த்தே சேமிக்கிறது. எங்கள் கோப்பில் 1860-களின் ஆட்களோடு, கேட்டு வந்த இன்றைய குடும்பங்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் ஒரு செல்லில் இருந்தன. உயிரோடு இருப்பவர்களின் தகவலுக்குத் தென்னாப்பிரிக்காவில் பொப்பியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடப்பில் உள்ளது. தொடர்பு விவரங்களைத் தனிக் கோப்புக்கு மாற்றினோம். விடைகளை அழித்துவிட்டுத்தான் கோப்பை வெளியே அனுப்புகிறோம்.

பாண்டாஸ் 3-க்கு முன்

3.0-இல் காப்பி-ஆன்-ரைட் என்ற நடைமுறை இயல்பாகிவிட்டது. எளிமையாகச் சொன்னால், அட்டவணையிலிருந்து ஒரு பகுதியை எடுத்து அதில் எழுதினால் மூல அட்டவணை மாறாது. எங்கள் நோட்புக்கில் ஊர்ப் பெயர் எழுத்துப்பிழைகளைத் திருத்தும் செல்கள் நிறைய. முதலில் நெடுவரிசையை எடு, பிறகு அதில் சில வரிகளைப் பிடித்து எழுது என்று இரண்டு படியாக எழுதப்பட்டவை. பழைய பதிப்பில் அவை வேலை செய்தன. 3.0-இல் எச்சரிக்கை ஒன்றைக் காட்டிவிட்டு எதையும் மாற்றாமல் விட்டுவிடும். திருத்தியதாக நினைத்த பிழை திருத்தப்படாமலேயே அச்சுக்குப் போகும். எல்லாவற்றையும் ஒரே படியில், வரியையும் நெடுவரிசையையும் சேர்த்துக் குறிப்பிடும் லோக் வழியாக எழுதும்படி மாற்றிக்கொண்டிருக்கிறோம். 2.2-இல் இருக்கும் ஒரு எச்சரிக்கை முறையை இயக்கினால், எந்தெந்தச் செல் பாதிக்கப்படும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அதை வைத்து ஒவ்வொன்றாகப் பிடிக்கிறோம்.

அது முடியும் வரை பதிப்பு எண்களை ஒரு கோப்பில் எழுதிப் பூட்டியிருக்கிறோம். எல்லா லேப்டாப்பிலும் ஒரே பதிப்பு, நோட்புக்கின் முதல் செல் அந்த எண்ணை அச்சிடும். 1900-க்குப் பிந்தைய கப்பல்களின் தேதிகளைப் படப்பிரதியிலிருந்து மறுபடி தட்டச்சு செய்யும் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த முறை எக்செல்லில் அந்த நெடுவரிசையை எழுத்து என்று முதலிலேயே அமைத்துவிட்டு, மாதத்தை எண்ணாக இல்லாமல் பெயராக அடிக்கிறார்கள். முன்பே தாள் வாங்கிப் போன குடும்பங்களில், 1 முதல் 12-ஆம் தேதிக்குள் வந்த கப்பல்காரர்களை முதலில் கூப்பிட்டுப் புதிய தாள் கொடுத்து வருகிறோம். அடுத்த முறை வட ஆற்காட்டுக்காரர்கள்.